நாவல்தானே படிக்கிறேன், ஏன் ஒளிந்து படிக்கிறேன்?

ஈரோட்டுப் பக்கம் இருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றித் தருகிறேன். வயது 37. ஜவுளிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறார். கணவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன்.

போன வருடம் இவருடைய அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது, ராத்திரித் துணைக்கு இவர்தான் இருந்திருக்கிறார். தூங்கவும் முடியாமல், விழித்திருக்கவும் முடியாமல் கிடந்த அந்த நேரத்தில் போனில் ஒரு தொடர்கதையைத் திறந்திருக்கிறார். மந்திரம் ஒழுங்காக வராத ஒரு மந்திரவாதி. அவனிடம் கணக்கு எழுத வேலைக்குச் சேரும் ஒரு பெண். மாடியில் வாடகை பாக்கியோடு குடியிருக்கும் ஒரு குட்டி டிராகன். டீ போட மந்திரம் சொன்னால் மந்திரவாதியின் புருவம் பச்சையாகிவிடும். "வார்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், சிரிக்கிறோமே என்று குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது" என்று எழுதியிருக்கிறார்.

அப்பா தவறி ஒன்பது மாதம் ஆகிறது. இதே மாதிரிக் கதைகளைத் தேடித் தேடிப் படித்திருக்கிறார், எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு மணி ஒன்றரை மணி வரை. ஒருநாள் இவர் சிரித்த சத்தத்தில் விழித்த கணவர், போனைப் பிடுங்கி யாரோடு பேசுகிறாள் என்று பார்த்திருக்கிறார். நாவல் என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி. அடுத்த ஞாயிறு அவருடைய அக்கா வீட்டு விருந்தில், "எங்க வீட்டம்மா ராத்திரி ஒரு மணிக்கு டிராகன்கூடக் குடும்பம் நடத்தறா" என்று சொல்ல, பந்தியே சிரித்திருக்கிறது. "எட்டாவது படிக்கிற பொண்ணை வெச்சுக்கிட்டு இந்த வயசுல காதல் கதையா?" என்று நாத்தனார் கேட்டிருக்கிறார். அன்று ராத்திரியே ஆப்பை அழித்துவிட்டார். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறார்.

கேட்பவை நான்கு. இது ஒரு வியாதியா? கதையில் வரும் ஒருவனை ரசிப்பது கணவருக்கு மனசால் செய்யும் துரோகமா? படிப்பதானால் உருப்படியாக எதையாவது படிக்கக் கூடாதா? மகளும் அந்தக் கதையைக் கேட்கிறாள், கொடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க ஒரு வாக்குமூலத்தின் தொனியில் இருக்கிறது. மாதம் இருநூறு ரூபாய் வரை அடுத்த அத்தியாயத்தைத் திறக்கச் செலவு செய்ததைக்கூட ஏதோ கையாடல் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் சம்பளப் பணம். மாதம் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள், பணம் தானாகப் பிடித்துக்கொள்ளும் வசதியை மட்டும் நிறுத்தி வையுங்கள். அதற்குமேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

இது வியாதியா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வீடியோ கேம் கோளாறு அதில் இருக்கிறது. நாவல் வாசிப்பு இல்லை. கேம் கோளாறுக்கே மருத்துவர்கள் மூன்று விஷயங்களைப் பார்ப்பார்கள்: நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போகிறதா, மற்ற எல்லாக் காரியங்களையும் அது பின்னுக்குத் தள்ளிவிட்டதா, பாதிப்பு கண்ணுக்குத் தெரிந்தும் தொடர்கிறதா. இவை வழக்கமாக ஒரு வருடமாவது நீடித்திருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நீங்கள் ஒரே ராத்திரியில் ஆப்பை அழித்தவர். மார்ச் மாதக் கணக்கு முடிப்பை ஒரு பிசகும் இல்லாமல் முடித்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள் ஒருநாள்கூடச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்குப் போகவில்லை. இதை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு எந்த முகாந்திரமும் தெரியவில்லை.

ஆனால் மூன்றாவது விஷயத்தில் ஒரு இடம் உறுத்துகிறது. ஒன்றரை மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்திருக்கிறீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். நீங்கள் நான்கு மணி நேரத் தூக்கத்தோடு தினமும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஸ்கூட்டர் ஓட்டுகிறீர்கள், அதுவும் லாரி போகிற ரோட்டில். உங்கள் வாசிப்பில் நான் கவலைப்படும் ஆபத்து இது ஒன்றுதான். அதைப் பற்றி உங்களை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீட்டில் எல்லோரும் கதையைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்கள், உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். தொடர்கதையில் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைத் திறக்க வைக்கும்படிதான் முடியும். கதவு தட்டப்படும், யார் என்று சொல்லாமல் 'தொடரும்' போட்டுவிடுவார்கள். அதனால் "இந்த அத்தியாயம் முடிந்ததும் படுத்துவிடுகிறேன்" என்பது நடக்கவே நடக்காது. அத்தியாயத்தின் நடுவில் நிறுத்துங்கள். இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், பரபரப்பு இல்லாத ஒரு பத்தியில் மூடுங்கள். இரண்டு மூன்று நாள் சிரமமாக இருக்கும், பிறகு பழகிவிடும். பதினோரு மணிக்கு மேல் போன் படுக்கையறையில் இருக்க வேண்டாம், கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். அதைவிட முக்கியம், கதைக்குப் பகலில் ஒரு இடம் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, கூடத்திலேயே உட்கார்ந்து எல்லோர் கண் முன்னாலும் படியுங்கள். ஒளிந்து செய்கிற காரியத்துக்கு ராத்திரி மட்டும்தான் மிஞ்சும். உங்கள் தூக்கம் போனதற்குக் கதையைவிட அந்த ஒளிவுமறைவுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்று

நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. "ஆப்பை அழித்த பிறகு விளக்கை அணைத்தால் அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் சத்தம் காதில் கேட்கிறது." அடுத்த வரியிலேயே நாத்தனார் பேச்சுக்குத் திரும்பிவிட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

பயப்படாதீர்கள். நெருங்கியவர் இறந்த பிறகு அவருடைய குரலோ, இருமலோ, கடைசி நாட்களில் கேட்ட ஒரு சத்தமோ காதில் ஒலிப்பது துக்கத்தில் சகஜம். புத்தி பேதலித்ததற்கு அடையாளம் கிடையாது. நீங்கள் அந்த மெஷின் பக்கத்தில் எத்தனையோ ராத்திரி உட்கார்ந்திருந்தவர். அந்தச் சத்தத்துக்கு எதிரே அன்றைக்கு உங்களுக்குக் கிடைத்த துணை அந்தப் பச்சைப் புருவ மந்திரவாதிதான். அப்பா போன பிறகும் விளக்கணைத்த பின் வரும் நேரத்தை அந்தக் கதைகள்தான் நிரப்பியிருக்கின்றன. விருந்தில் பட்ட அவமானத்தில் ஒரே நாளில் அதையும் எடுத்துவிட்டீர்கள், சத்தம் மேலே வந்துவிட்டது. இப்போது வருகிற எரிச்சலும் தூக்கமின்மையும் 'நாவல் இல்லாத ஏக்கம்' என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பெரும்பங்கு அப்பாவை இழந்த துக்கம் என்றே எனக்குப் படுகிறது.

"அப்படியானால் கதை படித்துத் துக்கத்திலிருந்து தப்பி ஓடியிருக்கிறேனா?" என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் ஓடியிருக்கிறீர்கள், அதில் பிழையில்லை. காரியம் முடிந்த மூன்றாம் நாளே வேலைக்குப் போனவர் நீங்கள். அம்மாவைத் தேற்றியதும் நீங்கள், தம்பிக்கும் உங்களுக்கும் நடுவில் பத்திரப் பேச்சு வந்தபோது சமாதானம் செய்ததும் நீங்கள். எங்கேயாவது ஒரு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத இடம் வேண்டாமா? சுகமாக முடியும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒரு கதையில் மனம் போய் ஒதுங்குவதை நான் புரிந்துகொள்கிறேன். அந்த வகைக் கதையின் அடிப்படை ஒப்பந்தமே அதுதானே, எவ்வளவு குழப்பம் வந்தாலும் இருவரும் கடைசியில் சேர்வார்கள், டிராகன்கூடச் சாகாது. ஆஸ்பத்திரியில் உங்களுக்கு யாரும் தர முடியாத உறுதி அது.

அதே சமயம் அப்பாவைப் பற்றிப் பேசவும் ஒரு இடம் வேண்டும். அம்மாவிடம் போய் அப்பாவின் பழைய கதைகளைக் கேளுங்கள், நோயைப் பற்றி வேண்டாம், அவர் நன்றாக இருந்த காலத்தைப் பற்றி. அழுகை வந்தால் அழுங்கள். இன்னும் சில வாரங்களில் சத்தமும் தூக்கமின்மையும் குறையாவிட்டால், அல்லது காலையில் எழுந்திருக்கவே பிடிக்காத நிலை வந்தால், மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ நேரில் பாருங்கள். 14416 என்பது மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண். இலவசம், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். ராத்திரி ஒன்றரை மணிக்கும் எடுப்பார்கள்.

மனசால் துரோகமா?

இதற்காகத்தான் நீங்கள் மிகவும் துடித்திருக்கிறீர்கள். கதாநாயகனை உங்களுக்கு ஏன் பிடித்தது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள், அதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவன் அழகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கணக்கில் ஏழு பைசா இடிக்கிறது என்று அவள் சொன்னதும், அவன் மந்திரக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அப்புறம்?" என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறான். அந்த இடத்தைத்தான் நீங்கள் மூன்று முறை படித்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

இதில் துரோகம் எங்கே இருக்கிறது? நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிற உங்களிடம், வீட்டில் யாராவது "அப்புறம்?" என்று கேட்க மாட்டார்களா என்ற ஆசை இருக்கிறது. கணவரை வேண்டாம் என்று சொல்லும் ஆசை இல்லை அது. அவரிடமிருந்தே எதிர்பார்ப்பது. இப்படி ஒரு ஏக்கத்தைக் கதை அடையாளம் காட்டினால் அதை எடுத்துக்கொண்டு உரியவரிடம் போகலாம். ரசித்த எல்லாவற்றுக்கும் இப்படி உள்ளர்த்தம் தேடவும் வேண்டாம். டிராகன் வாடகை கொடுக்காமல் சாக்குச் சொல்லும் இடம் வெறுமனே சிரிப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை மட்டும். கதையில் வருபவன் காலையில் பட்டறை திறக்க வேண்டியதில்லை, கரண்ட் பில் கட்ட வேண்டியதில்லை, சலிப்பே வராதவனாக ஒருத்தர் அவனை எழுதியிருக்கிறார். உங்கள் கணவரை அவனோடு நிறுத்தி அளந்தால் எந்த மனிதரும் தோற்றுத்தான் போவார். அப்படி நீங்கள் அளப்பதாக உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனசு சோர்ந்த நாட்களில் அது நடக்கும், கவனித்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் நடந்தது

உங்கள் கணவருக்கு அந்த ராத்திரி பயம் வந்திருக்கும், ஒத்துக்கொள்கிறேன். நடுராத்திரியில் போர்வைக்குள் வெளிச்சமும் சிரிப்பும் என்றால் யாருக்கும் ஒரு நொடி திக்கென்று இருக்கும். என்ன என்று கேட்டிருக்கலாம். கையிலிருந்து பிடுங்கியது தப்பு. தனக்குத் தெரியவந்த உங்கள் அந்தரங்கச் சந்தோஷம் ஒன்றை உறவுக்காரர்கள் முன்னால் வேடிக்கைப் பொருளாக வைத்தது அதைவிடப் பெரிய தப்பு. "அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார், நான்தான் பெரிசாக எடுத்துக்கொண்டேனோ" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வலித்தது. அது போதும், அவரிடம் சொல்ல வேறு காரணம் தேவையில்லை.

அமெரிக்கப் பேராசிரியை ஜானிஸ் ராட்வே, காதல் நாவல் படிக்கும் குடும்பப் பெண்கள் பலரிடம் பேசி 1984இல் ஒரு ஆய்வு நூல் வெளியிட்டார். கதையில் என்ன இருக்கிறது என்பதைவிட, புத்தகத்தைக் கையில் எடுக்கும் செயலே தங்களுக்கு முக்கியம் என்று அந்தப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். 'இது என் நேரம், கொஞ்சம் என்னை விடுங்கள்' என்று வீட்டுக்குச் சொல்லும் வழியாக அது இருந்தது. அதனால்தான் வீட்டில் இருப்பவர்களுக்கு அது உறுத்துகிறது. உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்ப்பதை யாரும் பந்தியில் பேசுவதில்லை.

அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் பேசுங்கள். நீளமாக வேண்டாம். "ஏங்க, அன்னிக்கு உங்க அக்கா வீட்டுல நீங்க சொன்னது எனக்கு ரொம்ப அவமானமாப் போச்சுங்க. எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ அந்தக் கதைதாங்க எனக்குத் துணையா இருந்துச்சு. இனிமே நாலு பேர் முன்னாடி அதைச் சொல்லாதீங்க." இவ்வளவு போதும். அப்பா விஷயத்தை அவரிடம் நீங்கள் சொன்னதே இல்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. தெரிந்திருந்தால் அவர் அப்படிப் பேசியிருக்க மாட்டார் என்றே நம்புகிறேன். ராத்திரி முழிப்பைக் குறைத்துக்கொள்வதாக நீங்களும் ஒரு வார்த்தை கொடுக்கலாம், அவருடைய கவலையில் அந்தப் பாதி நியாயமானது.

இதையும் சொல்லிவைப்பது என் கடமை. ஒரு தடவை போனைப் பார்த்ததும் ஒரு கேலியும் வேறு. தினமும் போனைச் சோதிப்பது, எதைப் படிக்கலாம் யாரோடு பேசலாம் என்று கட்டளையிடுவது, சம்பளத்தை வாங்கி வைத்துக்கொள்வது, ஓயாமல் மட்டம் தட்டுவது வேறு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அவமானப்படுத்துவதையும் கேலி செய்து இழிவுபடுத்துவதையும் வாய்மொழி, உணர்வுரீதியான வன்முறை என்றும், பணத்தை முடக்குவதைப் பொருளாதார வன்முறை என்றும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. உங்கள் வீட்டில் அந்த நிலை இருப்பதாக நான் நினைக்கவில்லை. என்றாவது அப்படி ஆனால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

நாத்தனாருக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்பதில்லை. சொல்வதானால், "ஆமாங்க அண்ணி, படிக்கறேன், நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மன அழுத்தம் குறைகிறது, மொழி வளர்கிறது என்று பயன்களை அடுக்க ஆரம்பித்தால், படிப்பதற்கு அனுமதி கேட்கிற மாதிரி ஆகிவிடும். உருப்படியான புத்தகம் படிக்க வேண்டாமா என்ற உங்கள் கேள்விக்கும் இதுதான் பதில். தமிழின் முதல் நாவலாகச் சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை. பக்கத்துக்குப் பக்கம் வேடிக்கை, நடுவே காதல், கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடம் போட்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். நம் நாவல் பிறந்ததே இப்படிச் சிரித்துக்கொண்டுதான். கனமான புத்தகம் படிக்க ஆசை வரும்போது படியுங்கள், தண்டனையாகப் படிக்காதீர்கள். பாதியில் விட்ட கதையையும் தாராளமாகத் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

மகள் கேட்கிறாள்

இங்கே மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். இந்த வகையில் வருகிற எல்லாக் கதைகளும் ஒரே வயதினருக்கானவை இல்லை. அட்டையில் பொம்மைப் படம் மாதிரி வண்ணமாக, விளையாட்டாக வரைந்திருப்பார்கள், உள்ளே படுக்கையறைக் காட்சிகள் விரிவாக இருக்கும். அட்டையையோ தலைப்பையோ நம்பிக் கொடுக்காதீர்கள். நீங்கள் முழுக்கப் படித்த கதைகளிலிருந்து, பதின்மூன்று வயதுக்கு ஒத்துவரும் என்று உங்களுக்கே தோன்றுவதை எடுத்துக் கொடுங்கள். ஆப்பில் உங்கள் கணக்கிலேயே அவளை விட்டுவிட வேண்டாம். அதில் பணம் கட்டும் வசதியும் இருக்கிறது, எல்லா வயதுக் கதைகளும் திறந்து கிடக்கும்.

இன்னொன்று, படுக்கையறைக் காட்சியைவிட எனக்குக் கவலை தருவது. நாயகியைக் கடத்திக்கொண்டு போய் அடைத்து வைப்பவன், அவள் வேண்டாம் என்று சொல்லியும் பின்னாலேயே வருபவன், கோபத்தில் கையைப் பிடித்து முறுக்குபவன், இவனே கடைசியில் காதலனாக ஜெயிக்கும் கதைகள் ஏராளம். மந்திர உலகத்துக் கதைகளிலும் உண்டு, குடும்பக் கதைகளிலும் உண்டு. உங்களுக்கு 37 வயது, கதை எது வாழ்க்கை எது என்று தெரியும். அவளுக்குக் காதலைப் பற்றித் தெரிய வரும் முதல் சேதியே இதுவாக இருக்கலாம். தடை போட்டால் உங்களை மாதிரியே அவளும் போர்வைக்குள் படிப்பாள். ஆகவே சேர்ந்து படியுங்கள், ஆளுக்கு ஒரு பக்கம் சத்தமாகப் படித்தால்கூடச் சரி. அப்படி ஒரு இடம் வரும்போது, "ஏங்கண்ணு, நிஜத்துல ஒருத்தன் உங்கிட்ட இப்படிச் செஞ்சா நீ என்ன பண்ணுவே?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள், உடனே புத்திமதிக்குப் போகாதீர்கள். வகுப்பில் நடக்கிற ஏதோ ஒன்று அப்போது வெளியே வரலாம். ஆரம்பிக்க அந்தப் பச்சைப் புருவக் கதையே பொருத்தமானது என்று நினைக்கிறேன், நீங்கள் சொன்ன அளவில் அதில் யாரும் யாரையும் அடைத்து வைக்கவில்லை. அதை நீங்கள் முதலில் முடித்துவிடுங்கள், பிறகு அவளுக்குக் கொடுங்கள்.